மூன்று வாரம் பழக வேண்டும்

“சீல் உடைஞ்சிருக்கே சார். இதை எப்படி நான் திரும்ப எடுத்துக்கிறது?”

கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் ஓரம் கிழிந்திருந்தது. ஒரு மூலை நசுங்கியும் இருந்தது. காலையில் அக்கா கட்டிலிலிருந்து வீசியெறிந்ததில் நசுங்கியது என்று தம்பி சொல்லவில்லை. கைதவறி விழுந்தது என்றும் சொல்லவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பட்டனைப் பிய்த்துப் போட்டுவிட்டு நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களைத் தினமும் பார்க்கிறான். அதனால் பொய் என்றாலே அவனுக்கு ஒரு சலிப்பு.

“மாத்திக் குடுங்க. அந்த அகலமானதுதான் வேணும். விலை வித்தியாசம் எவ்வளவோ தந்துடறேன்.”

“நேத்து சாயந்திரம் கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே சார். அந்தப் பரீட்சைக்கு ரெண்டே ரெண்டு வகையைத்தான் உள்ள விடுவாங்க, எழுதப்போறவங்ககிட்ட கேட்டுட்டு வாங்கன்னு. நீங்கதான் சுலபமானது போதும்னீங்க.”

சொன்னது உண்மைதான். கண்ணாடி அலமாரிக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று உயரமாக, கறுப்பாக, எல்லாக் கடையிலும் பார்க்கிற கால்குலேட்டர் போலவே இருந்தது. நாலு பட்டன் கூடுதல், அவ்வளவுதான். ஒரே சாயந்திரத்தில் கை பழகிவிடும். இன்னொன்று படுக்கைவாட்டில் அகலமானது. அதில் சமக்குறி பட்டனே கிடையாது. இரண்டு எண்களையும் முதலில் உள்ளே போட்டுவிட்டு, கூட்டலா பெருக்கலா என்பதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். பழகாதவன் கையில் கொடுத்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்றுகூடச் சொல்லாது. ஆனால் நீண்ட கணக்குகளில் அடைப்புக்குறி போட வேண்டியதில்லை, போட்ட அடைப்புக்குறியை மூட மறக்க வேண்டியதும் இல்லை.

கடைக்காரர் கறுப்புக் கால்குலேட்டரை வெளியே எடுத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. முகம் கொஞ்சம் இளகியது.

“யாருக்கு சார்?”

“அக்காவுக்கு.”

“பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கு?”

“இருபத்தாறு நாள்.”

“அப்போ தாராளமாப் போதும். மூணு வாரம் விடாம பழகச் சொல்லுங்க, விரல் தானாப் போகும்.” அவர் அலமாரியைத் திறந்தார். “முதல் ரெண்டு நாள் அழுவாங்க. எல்லாரும் அழுவாங்க. விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க.”

தம்பி தலையை ஆட்டினான். விலை வித்தியாசத்தை எண்ணி மேசைமேல் வைத்தான்.

அக்காவுக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர் வேலை. ஆனால் எதிராளி சளைத்துப்போய் எழுந்து போகும்வரை வாதாடுவாள். நாற்பத்திரண்டாவது வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர்கள் எல்லாம் அந்த நிதித் தேர்வை எழுதி மேலே போவதைப் பார்த்துத் தானும் எழுதுவேன் என்று கிளம்பினாள். முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிட்டுத் தோற்றாள். இரவல் வாங்கிப் போன கறுப்புக் கால்குலேட்டரில் அடைப்புக்குறிகளை மூடி மூடித்தான் நேரம் போனது என்று சொன்னாள். அவளுடைய பிரிவுத் தலைவரிடம் அந்த அகலமான கால்குலேட்டர் இருந்தது. அதை யாரும் இரவல் கேட்பதே இல்லை, கேட்டாலும் பயன்படுத்தத் தெரியாது என்று அவர் பெருமை அடித்துக்கொள்வாராம். மூன்றாம் தடவைக்கு அதுதான் என்று அக்கா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அதற்குள் வயிற்றில் கட்டி வந்தது. கல்லீரலுக்கும் போனது.

நான்கு நாட்களுக்கு முன் மருத்துவர், அக்காவின் கணவரான மாமாவையும் தம்பியையும் நடைபாதைக்குக் கூட்டிப்போய், பத்து நாள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் என்றார். வீட்டுக்கே கூட்டிப்போங்கள், அவர் கேட்டதைச் செய்யுங்கள் என்றார். மாமா திரைச்சீலை தைக்கிறவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு அறவே பேசவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கால்குலேட்டர்.

நேற்று சாயந்திரம் தம்பி கடையில் வெகுநேரம் நின்றான். மூன்று வாரம் பழக வேண்டியதை வாங்கிக் கொடுத்தால், அவளுக்கு ஒன்றும் பிடிபடாமல், தோற்றுக்கொண்டே போய்ச் சேர்வாளே என்று நினைத்தான். சுலபமானதை வாங்கினால் இரண்டு நாளாவது கணக்குப் போட்டுச் சந்தோஷமாக இருப்பாள். அவன் செய்தது நல்ல மனதோடுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் அவள் பெட்டியைப் பார்த்த உடனே அந்த நல்ல மனதின் சாயம் வெளுத்துவிட்டது.

“இது எதுக்கு?”

“நீ கேட்டதுதான்க்கா. இதையும் பரீட்சைக்கு விடுவாங்க.”

“நான் கேட்டது அகலமானது.”

“அது பழகவே மூணு வாரம் ஆகுமாம். இது ஒரே சாயந்திரத்துல…” தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கா தலையணையிலிருந்து மெல்ல நிமிர்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அந்தப் பார்வை மட்டும் பழைய வக்கீல் பார்வை.

“முழுசாச் சொல்லு. எனக்கு மூணு வாரம் இல்லை, அதானே?”

“அப்படி இல்லக்கா.”

“அப்படித்தான். எனக்கு மிச்சம் எத்தனை நாள்னு எண்ணிட்டுக் கடைக்குப் போயிருக்கே. டாக்டர் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னதை என்கிட்டயும் சொன்னார். நான் கேட்டேன், சொன்னார். எனக்கு இன்னும் ஒரு மாசத்துக்குள்ள பரீட்சை இருக்குன்னு நானும் அவர்கிட்ட சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“என்ன சொல்வார்? தலையைச் சொறிஞ்சார்.”

அக்கா பெட்டியை எடுத்தாள். அவ்வளவு பலம் அந்தக் கைக்கு எங்கிருந்து வந்ததோ, அது பறந்துபோய் அலமாரியில் மோதி விழுந்தது. அடுக்களையிலிருந்து மாமா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“சாவு வர்ற அன்னிக்கு வரட்டும். அது அதோட வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கறேன். நடுவுல நீ புகுந்து எனக்குச் சின்னப் பிள்ளைக்கு வாங்கற சாமானை வாங்கித் தராதே. போ, மாத்திட்டு வா.”

அவன் போனான். படிகளில் இறங்கும்போது வெட்கமாக இருந்தது. உடன்பிறந்தவளை உயிரோடு இருக்கும்போதே கணக்கிலிருந்து கழித்துவிட்டோமே என்ற வெட்கம் அது.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. அக்கா காத்துக்கொண்டிருந்தாள். புதுப் பெட்டியின் சீலைத் தானேதான் உடைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நகம் வழுக்கியது. தம்பி கை நீட்டினான், தட்டிவிட்டாள். கடைசியில் பல்லால் கடித்துப் பிய்த்தாள். மாமா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர், அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வயிற்றின் மேல் ஒரு தலையணை, தலையணை மேல் கால்குலேட்டர். தம்பி விளக்கப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்கும்போது மட்டும் பக்கம் திருப்ப வேண்டும்.

“முதல்ல நீ போடு. பன்னிரண்டும் எட்டும்.”

தம்பி பன்னிரண்டைப் போட்டான், கூட்டல் குறியை அழுத்தினான், எட்டைப் போட்டான். அப்புறம் சமக்குறியைத் தேடினான். இல்லாததை எங்கே தேடுவது? திரையில் எட்டு நின்றது.

“எட்டுங்குது.”

அக்கா சிரித்தாள். சிரித்ததில் வலி வந்தது. வலி போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்து, போனதும் மிச்சச் சிரிப்பையும் சிரித்து முடித்தாள்.

“லிஃப்ட்ல ஏறி உட்கார்ந்துக்கிட்டு மாடி பட்டனை அழுத்தாத ஆள் நீ. பாரு. பன்னிரண்டு. உள்ள தள்ளு. எட்டு. இப்போ என்ன செய்யணும்னு சொல்லு.” அவள் விரல் கூட்டலை அழுத்தியது. “இருபது. ஆச்சா?”

“லிஃப்ட்ல யாரும் உட்கார மாட்டாங்கக்கா.”

“பேச்சைக் குறை. அடுத்த பக்கம்.”

அதன்பிறகு அவளுக்கும் தகராறுதான். பயிற்சிப் புத்தகத்தில் ஒரு கணக்கு: ஓர் இயந்திரம் வாங்குகிறார்கள், ஐந்து வருடம் வருமானம் வருகிறது, என்ன விகிதத்தில் லாபம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவள் எண்களை வரிசையாகப் போட்டு அழுத்தினால் திரை ‘எர்ரர்’ என்றது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் எர்ரர். மூன்றாம் தடவை அந்தக் கால்குலேட்டரைச் செய்தவனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். மாமா கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது.

“புத்தகத்துல கீழ குட்டி எழுத்துல ஏதோ இருக்குக்கா. கையை விட்டுப் போற பணத்துக்கு முன்னால மைனஸ் போடணுமாம்.”

“தெரியும்.”

“நீ போடல.”

“போட்டேன்.”

“போடலக்கா.”

அக்கா அவனை முறைத்தாள். பிறகு மைனஸ் போட்டு அழுத்தினாள். கால்குலேட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு விடையைத் தந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த விடையும் அதுவேதான்.

“இதை வெளில சொல்லிட்டுத் திரியாதே,” என்றாள்.

மதியம் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். மருந்து கொடுக்கும் நேரம் வந்தபோது, அது தூங்க வைத்துவிடும், நான்கு மணிவரை பொறு என்றாள். வலி முகத்தில் ஏறி இறங்குவது தம்பிக்குத் தெரிந்தது. நிறுத்திவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று வாய் வரை வந்தது. காலையில் பட்டது போதும் என்று விழுங்கிவிட்டு, பக்கத்தைத் திருப்பினான். நான்கு மணிக்கு அவளே கால்குலேட்டரை அணைத்து உறைக்குள் போட்டாள்.

“எழுது. முதல் நாள். பதினேழு கணக்கு. பன்னிரண்டு தப்பு, அஞ்சு சரி.”

“அஞ்சு சரிங்கிறது நல்லதுதானேக்கா.”

“மட்டம். நாளைக்குப் பத்து வரணும்.”

மாமா மருந்தைக் கொடுத்தார். அவள் தூங்கினாள். ஐந்தரைக்குப் பிறகு மூச்சு மாறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மாமா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு ஓடிவந்தான். அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. பத்து நாள் என்று சொன்னதில் ஐந்தாம் நாள் அது. மருத்துவரும் தப்பாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். தம்பிக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு முன்னறை நிறைந்துவிட்டது. வாடகை நாற்காலிகளில் உறவுக்காரர்களும் அலுவலகத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா. வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பெரியப்பா எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

பெரியப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் நாலு வார்த்தை பேசுவது அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. விடிந்ததிலிருந்து நாற்காலி, பூ, வண்டி, சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் அலைந்தவரும் அவர்தான்.

“நம்ம பொண்ணு ரொம்ப சூட்டிகையானவ. எல்லாருக்கும் தெரியும். ஆனா கடைசில அவகிட்ட ஒரு பக்குவம் வந்துடுச்சு. வேலை, பரீட்சை, போட்டி எல்லாத்தையும் மனசால விட்டுட்டா. வந்ததை அமைதியா ஏத்துக்கிட்டா. ஒரு புன்சிரிப்போட தூங்கற மாதிரி போய்ச் சேர்ந்தா. அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் கிடைக்காது.”

இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்றிருந்த தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். யாரோ தலைவாரி, பொட்டு வைத்து, வாயை ஒழுங்காக மூடிவிட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேச முடியாத நிலையில் வக்கீலை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“இல்ல பெரியப்பா,” என்றான்.

“என்னப்பா?”

“அவ எதையும் ஏத்துக்கல.”

பெரியப்பா அவன் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், “இப்போ எதுக்குடா அதெல்லாம்? உட்காரு,” என்றார்.

“உட்கார மாட்டேன். நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. நானும் நல்ல மனசோடதான் அவளுக்குச் சுலபமான கால்குலேட்டரை வாங்கிட்டு வந்தேன். அதை நேத்துக் காலைல என் மூஞ்சிக்கு நேரா வீசி எறிஞ்சா. எத்தனை நாள் இருப்பேன்னு எண்ணிப் பார்த்தியான்னு கேட்டா. ஆமா, நான் எண்ணினேன். எண்ணிட்டுத்தான் வாங்கினேன்.” அவன் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. “மூணு வாரம் பழகினாத்தான் வர்ற சாமானைக் கேட்டு வாங்கினா. வலியோட அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பதினேழு கணக்குப் போட்டா. பன்னிரண்டு தப்பு. வாய்க்கு வந்தபடி திட்டினா. பக்குவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ அவளாத்தான் இருந்தா. போறப்போ சிரிக்கவும் இல்ல. புருவத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தான் போனா.”

பெரியப்பா துணைக்கு மாமாவைப் பார்த்தார். ஒரு நாளும் பேசாதவர் இப்போது மட்டும் என்ன பேசிவிடப் போகிறார் என்று நினைத்திருப்பார்.

“ஆமா,” என்றார் மாமா. “ரொம்பத் திட்டினா. அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு.”

அலுவலகத்துக் கூட்டத்தில் ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் சட்டைப்பையில் அக்காவின் தொலைபேசி அடித்தது. நேற்றிலிருந்து அது அவனிடம்தான் இருந்தது. பரீட்சை அலுவலகம் என்று அவளே பெயர் போட்டு வைத்திருந்தாள்.

“வணக்கம் சார். மேடம் இருக்காங்களா?” சின்ன வயதுக் குரல்.

“நான் அவங்க தம்பி. சொல்லுங்க.”

“மேடம் பேர்ல இன்னிக்குக் காலைல ஒரு விலகல் விண்ணப்பம் வந்திருக்கு. உறுதிப்படுத்திக்கத்தான் கூப்பிட்டேன். பரீட்சையிலேருந்து விலகிக்கிறாங்களா சார்?”

தம்பி பெரியப்பாவைப் பார்த்தான். அவர் அருகில் வந்து, “நான்தான் அனுப்பினேன். மேசையில காகிதம் எல்லாம் இருந்துது. பாதிக் கட்டணம் திரும்பி வரும்டா. ஆமான்னு சொல்லிட்டு வை,” என்று கிசுகிசுத்தார். செய்ய வேண்டியதைச் செய்தவரின் களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

“விலகல,” என்றான் தம்பி.

“அப்போ எழுத வருவாங்க, இல்லையா சார்?”

“வர மாட்டாங்க. நேத்து சாயந்திரம் இறந்துட்டாங்க.”

“ஐயோ… மன்னிச்சிடுங்க சார். எனக்குத் தெரியாது. அப்போ நான் விலகல்லயே போட்டுடறேன், அதுதான் உங்களுக்கு—”

“வேண்டாம்மா. அந்த விண்ணப்பத்தை அவங்க எழுதல. அவங்க விலகவும் இல்ல. வரலைன்னு போட்டுக்கோங்க.”

“வரலைன்னு பரீட்சை அன்னிக்குத்தான் சார் போட முடியும். அது வரைக்கும் பேரு பட்டியல்ல இருக்கும். இருக்கையும் ஒதுக்கிடுவோம்.”

“ஒதுக்குங்க.”

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. தம்பி காத்திருந்தான். வாசலில் வண்டி வந்து நின்றது. பெரியப்பா இரண்டு தடவை வாசலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓட்டுநரிடம் கொஞ்சம் இருக்கச் சொல்லப் போனார்.

“மேடத்தோட இருக்கை எண் சொல்றேன் சார், குறிச்சுக்கிறீங்களா?”

தம்பி பேனா வேண்டும் என்று கையால் சைகை காட்டினான். மாமா சட்டைப்பையைத் துழாவினார். பேனா இல்லை. துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து நீட்டினார். தம்பி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் எழுதிக்கொண்டான்: நூற்றுப் பதினேழு.